பைலட்டய்யா மில்லைக் கிளப்பிய நாள்

விங் கமாண்டர் எத்திராஜுலு காலமானார் என்று போன மாதம் ஆங்கிலப் பத்திரிகையில் நான்கு வரி வந்திருந்தது. அதில் இரண்டு வரி அவர் ஓட்டிய விமானங்களுக்கும், ஒரு வரி அவர் வாங்கிய பதக்கத்துக்கும், மிச்சமிருந்த ஒரு வரி அவர் ஒரு நூல் மில்லில் பன்னிரண்டு வருஷம் ஜெனரல் மேனேஜராக இருந்ததற்கும் போய்விட்டது. அந்த மில்லை அவர் ஒரு நாள் காலை ஒன்பதே முக்காலுக்குத் தரையிலிருந்து கிளப்பி மாலை நாலு மணிக்கு இறக்கினார் என்று எழுத அவர்களுக்கு இடம் போதவில்லை போலிருக்கிறது.

அன்றைக்கு மில்லின் டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருந்தவள் நான். என் பெயர் தெய்வானை. அவர் சொன்னதெல்லாம் என் வாய் வழியாகத்தான் மற்றவர்களுக்குப் போனது, மற்றவர்கள் சொன்னதெல்லாம் என் காது வழியாகத்தான் அவருக்குப் போனது. ஆகவே அந்த நான்கு வரிக்கு மேல் சொல்ல வேண்டியதை நான் சொல்வதுதான் முறை.

எங்கள் மில் நொச்சியாற்றின் கரையில் முத்துமங்கலத்தில் இருந்தது. அவர் வந்தது எழுபத்துநாலாம் வருஷம் சித்திரையில். வேலூர்ப் பக்கத்து மனிதர், நாற்பத்திரண்டு வயது, பட்டாளத்து விமானத்தில் இருபது வருஷம் அரிசியும் மருந்தும் ஆட்களும் ஏற்றிக்கொண்டு மலைகளுக்கு நடுவே பறந்தவர். நூல் எப்படி நூற்கிறார்கள் என்று அவருக்கு ஒன்றுமே தெரியாது, அதை அவர் மறைக்கவும் இல்லை. முதல் மாதம் முழுக்க பஞ்சைப் பிரிக்கிற ப்ளோரூமில் ஆரம்பித்து நூலைக் கூம்பில் சுற்றுகிற கோன் வைண்டிங் வரை ஒவ்வொரு இலாகாவிலும் மூன்று மூன்று நாள் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பஞ்சு தலைமுடியில் படிய, வேலை செய்கிறவர்களிடமே கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். எங்கள் பெண்கள் அவரை விமானக்காரர் என்றார்கள், பிறகு பைலட்டு என்றார்கள், வருஷம் திரும்புவதற்குள் அது பைலட்டய்யா என்றாகி, அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் கையெழுத்தாக மட்டும் நின்றது.

அவர் கொண்டுவந்த முதல் புதுமை ஒரு தாள். அதில் பதினான்கு கேள்வி. ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது மெஷினை ஓட்டுவதற்கு முன் ஒவ்வொரு மேஸ்திரியும் அந்தப் பதினான்கையும் வாய்விட்டுப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்று வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். பெல்ட் இறுக்கமா, மூடி போட்டிருக்கிறதா, வழியில் ஆள் இருக்கிறதா, இந்த மாதிரி. இதைப் பரீட்சை என்று எல்லோரும் கேலி செய்தார்கள். பஞ்சு சீவுகிற கார்டிங்கில் ஃபிட்டராக இருந்தவரும் யூனியன் தலைவருமான சென்னியப்பன் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டத்தில் எழுந்து, இதில் இல்லை என்று சொன்னால் மெமோ யாருக்கு என்று நேராகவே கேட்டுவிட்டார். பைலட்டய்யா சொன்ன பதில், இல்லை என்பவனுக்கு மெமோ கிடையாது, தப்புச் செய்தவன் தானே வந்து முதலில் சொன்னால் அவனுக்கும் மெமோ கிடையாது, மறைத்தவனுக்கு மட்டும்தான் உண்டு என்பது. சென்னியப்பன் நம்பவில்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து அவரே ஒரு ஸ்பேனரை மெஷினுக்குள் மறந்து வைத்துவிட்டு, அது ஓடத் தொடங்குவதற்கு முன்னால் நினைவு வந்து, வேர்த்து விறுவிறுத்துப் போய் பைலட்டய்யாவிடம் சொன்னார். மெஷினைப் பிரித்து ஸ்பேனரை எடுத்தார்கள். யூனியன் தலைவரைத் தொலைக்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது என்று எல்லோரும் காத்திருக்க, பைலட்டய்யா எல்லோர் முன்னாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, இன்றைக்கு இரண்டு பேருடைய விரலைக் காப்பாற்றியிருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றோடு பரீட்சை என்ற கேலி நின்றது.

அவருக்குக் குறை இல்லாமல் இல்லை. ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தவரை ஒரு மணி நேரம் தாமதமாக வந்தவரைப் போலப் பார்ப்பார். எங்கள் பக்கத்துப் பேச்சு அவருக்குக் கடைசி வரை பாதிதான் புரிந்தது. இன்னொன்றும் உண்டு, அதை அவர் மனைவி கமலவேணியம்மாதான் சிரித்துக்கொண்டே எங்களிடம் போட்டுக்கொடுத்தார். அவருக்கு ஏணி என்றால் பயம். தண்ணீர்த் தொட்டியைப் பார்வையிடப் போன அன்றைக்கு நாலாவது படியிலேயே கண்ணை மூடிக்கொண்டு நின்றவரை இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் மலையில் மூன்று நாள் விடாமல் மழை கொட்டியது. மேற்கே இருந்த ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன, ஒன்றின் தண்ணீர் அடுத்ததன் கரையைத் தள்ளியது, எல்லாம் சேர்ந்து எங்கள் ஆற்றுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை காலை முதல் ஷிஃப்டு நடந்துகொண்டிருந்தபோது தண்ணீர் கேட்டுக்கு வந்துவிட்டது. ரோடு போய்விட்டது. காலனியிலிருந்து பெண்களும் பிள்ளைகளும் வயசானவர்களும் துணி மூட்டையோடு மில்லுக்குள் வந்தார்கள், ஏனென்றால் ஊரிலேயே உயரமான அடித்தளம் மில்லுக்குத்தான். ஒன்பதரைக்கு அந்த அடித்தளத்தையும் தண்ணீர் தொட்டது. கரன்ட் போய் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பின்னிங் மாஸ்டர் ரங்கபாஷ்யம் மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரையும் கூரைமேல் ஏற்றலாம் என்றார். எங்கள் கூரை வாள்பல் மாதிரி ஏறி இறங்கும் கண்ணாடிக் கூரை, அதில் நாற்பது பேர் நின்றாலே உடையும். உள்ளே அப்போது அறுநூறு பேருக்கு மேல்.

பைலட்டய்யா தன் அறை ஜன்னலில் நின்று தண்ணீரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பதற்றம் இல்லை, தூரம் அளக்கிற பார்வையாக இருந்தது. பிறகு என் அறைக்கு வந்து, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, எல்லா இலாகாவையும் லைனில் கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டேன்.

"எல்லா மெஷினையும் ஓட்டச் சொல்லும்மா. முழு வேகத்துல. அதுக்கு முன்னாடி பதினாலு கேள்வியையும் கேளு. ஒண்ணு விடாம கேளு."

நான் கேட்டேன். முட்டிவரை தண்ணீர் வரப்போகிற நேரத்தில், பெல்ட் இறுக்கமா என்று கேட்டேன், இறுக்கம் என்றார்கள், மூடி போட்டிருக்கிறதா என்று கேட்டேன், போட்டிருக்கிறது என்றார்கள், வழியில் ஆள் இருக்கிறதா என்று கேட்டேன், எல்லோரையும் சுவர் ஓரமாக உட்கார வைத்திருக்கிறோம் என்றார்கள். பதினாலாவது கேள்விக்குப் பதில் வந்ததும் முப்பத்திரண்டு ஸ்பின்னிங் மெஷினும் ஒன்றாகச் சத்தம் போட்டன. பைலட்டய்யா என் மேஜையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, தன் பக்கமாக மெல்ல, மிக மெல்ல இழுத்தார். சேற்றில் புதைந்த காலை உருவுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மில் தரையை விட்டது.

முதலில் ஒரு முழம். பிறகு ஒரு ஆள் உயரம். அப்புறம் இரண்டு ஆள் உயரத்தில் நின்றது. தண்ணீர் எங்களுக்குக் கீழே புகுந்து பழைய இடத்தை நிரப்பிக்கொண்டு போவதை ஜன்னலோரம் இருந்தவர்கள் பார்த்தார்கள். கோன் வைண்டிங் பெண்கள் பார்க்கவில்லை, ஏனென்றால் அறுந்த நூலை முடிச்சுப் போடாமல் விட்டால் அது பறந்து சுற்றிக்கொள்ளும், மில் பறக்கிறது என்பதற்காக நூல் காத்திருக்காது. கேன்டீனிலிருந்து ராமாத்தாள் கூப்பிட்டு, அடுப்பு ஒரு பக்கம் சாய்கிறதே, உலை வைக்கலாமா வேண்டாமா என்று கேட்டார். நான் பைலட்டய்யாவைக் கேட்டேன். வைக்கச் சொல்லு, இன்னும் ஆள் வருவாங்க என்றார்.

தெற்குக் கதவைக் கொஞ்சம் திறந்துவைத்து அங்கே சென்னியப்பனை நிறுத்தியிருந்தார்கள். கண்ணுக்குத் தெரிவதை எல்லாம் அவர் டெலிபோனில் சொல்லிக்கொண்டு வந்தார், அதை நான் பைலட்டய்யாவுக்குச் சொல்ல, அவர் மேஜையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நூலிழை அளவு திருப்பினார். புளியமரம் தாண்டினோம். சொசைட்டிக் கட்டிடம் தாண்டினோம். பத்தரை மணிக்குச் சென்னியப்பன் குரல் மாறியது. ஆற்றங்கரைக் குடிசைகளான சாளையில், பள்ளிக்கூடத்து மொட்டைமாடியில் ஆட்கள் நிற்கிறார்கள், தண்ணீர் மாடிக்கு ஒரு சாண்தான் கீழே இருக்கிறது என்றார்.

ரங்கபாஷ்யம் மாஸ்டர் நல்ல மனிதர், கணக்கு தெரிந்தவர். மேற்குப் பக்கம் ஏற்கெனவே தாழ்ந்துகொண்டிருக்கிறது, இனி ஒரு சுமை ஏறினால் எல்லோரும் சேர்ந்து போவோம் என்று அவர் லைனில் சொன்னது பொய்யே இல்லை. மாடியில் எத்தனை பேர் என்று முதலில் எண்ணிச் சொல்லட்டும், அதற்கப்புறம் முடிவு செய்யலாம் என்றார்.

பைலட்டய்யா என்னிடமிருந்து ரிசீவரை வாங்கிக்கொண்டார். அன்றைக்கு அவர் தானே ரிசீவரைப் பிடித்தது அப்போதுதான்.

"எண்ண வேண்டாம் மாஸ்டர்," என்றார். "எண்ணினா விட்டுட்டு வந்துடுவோம்."

பிறகு பஞ்சு கோடவுனில் இருக்கிற பேல்களை எல்லாம் மேற்குக் கதவு வழியாகத் தண்ணீரில் தள்ளச் சொன்னார். புது சீசன் பஞ்சு, மூன்று நாளைக்கு முன்புதான் வந்தது. அதைக் கோயமுத்தூரில் இருக்கிற சேர்மனிடம் கேட்காமல் எப்படி என்று மாஸ்டர் தயங்கினார். கோயமுத்தூருக்கு லைன் இருக்கிறதா என்று பைலட்டய்யா என்னைக் கேட்டார். அறுந்துவிட்டது என்றேன். லைன் இல்லை மாஸ்டர், நான்தான் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு ரிசீவரை என்னிடம் கொடுத்தார். பேல்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுகிற சத்தம் என் அறைக்கே கேட்டது. ஒவ்வொன்று விழும்போதும் மேற்குப் பக்கம் கொஞ்சம் மேலே வந்தது.

பள்ளிக்கூடத்துக்கு மேலே மில்லை நிறுத்துவதுதான் அன்றைக்குச் செய்த காரியத்திலேயே கஷ்டமானது. இடது பக்கம் ஒரு கை, இன்னும் ஒரு கை, போதும், கீழே, இன்னும் கீழே என்று சென்னியப்பன் சொல்ல நான் சொல்ல, அவர் மேஜை விளிம்பை நூலிழை நூலிழையாகத் திருப்பினார். தெற்குக் கதவின் வாசற்படியும் பள்ளிக்கூடத்துக் கைப்பிடிச் சுவரும் உரசுகிற அளவுக்குக் கொண்டுவந்து, ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவை நிறுத்துகிற மாதிரி நிறுத்தினார். சாளை ஜனங்கள் ஏறினார்கள். இந்த மில்லின் கேட்டுக்குள் அதுவரை விடப்படாதவர்கள் அவர்கள். ஆடு ஏறியது, கோழிக்கூடை ஏறியது, தையல் மெஷினை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று நின்ற ஒரு பெண்ணை மெஷினோடு சேர்த்துத் தூக்கி உள்ளே போட்டார்கள். எல்லோரும் ஏறியாயிற்றா என்று பைலட்டய்யா கேட்டார். சென்னியப்பன் தானே மாடியில் இறங்கி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஒரு கிழவரையும் இழுத்துக்கொண்டு வந்து, ஆயிற்று என்றார்.

அதற்குப் பிறகு இறங்க இடமில்லாமல் நாலு மணி நேரம் தண்ணீருக்கு மேலே சும்மா நின்றோம். கேன்டீனிலிருந்து எல்லோருக்கும் ரசமும் சோறும் வந்தது. இடது கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் அவர் சாப்பிட்டார். அப்போதுதான் அதைச் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு வடகிழக்கு மலையில் ஒரு பள்ளத்தாக்கில் இதேபோல வெள்ளம். புல்தரையில் விமானத்தை இறக்கினார். இருபத்தெட்டுப் பேர் ஏறக்கூடிய விமானம், அவர் அறுபத்தோரு பேரை ஏற்றினார். அறுபத்தோரு பேர் என்பது அவரே வாசலில் நின்று தலையைத் தொட்டு எண்ணியது. அறுபத்திரண்டாவதாக ஒரு பெண் நின்றாள், அவளுக்குப் பின்னால் ஒரு முப்பது பேர். ஒரு மணி நேரத்தில் திரும்பி வருகிறேன் என்று கையால் ஜாடை காட்டினார், அவள் சரி என்று தலையசைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். சொன்னபடி ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். புல்தரை இல்லை. தண்ணீரின் மேல் எரிபொருள் தீருகிற வரைக்கும் சுற்றிச் சுற்றி வந்தார். அதற்குத்தான் அவருக்குப் பதக்கம் கொடுத்தார்கள், அறுபத்தோரு பேரைக் காப்பாற்றியதற்கு.

"நான் செஞ்சது சரிதாம்மா. இன்னும் ஒரு ஆள் ஏறியிருந்தா விமானம் எழும்பியிருக்காது," என்றார். "சரின்னு எனக்கும் தெரியும். அதுதான் தூங்க விடலை."

இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுங்களா என்று கேட்டேன். ஊற்று என்றார்.

நாலு மணிக்கு மழை விட்டு, வடக்கே வெள்ளைக்கரடு தெரிந்தது. அது பாறையும் முள்ளும் உள்ள மேட்டு நிலம், ஆடு மேய்க்கிற இடம். அதன்மேல் இறக்கினார். வடகிழக்கு மூலை மட்டும் ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டது, அதனால் கட்டிடம் முழுக்க மேற்கே ஒரு சாண் சாய்ந்து நின்றது. எல்லா இலாகாவுக்கும் ஒரு செய்தி சொல்லச் சொன்னார், அதை அப்படியே சொன்னேன். இறக்கினது கொஞ்சம் கோணலாகிவிட்டது, எல்லோரும் மன்னிக்கணும். இரண்டாவது ஷிஃப்டுக்காரர்கள் வழக்கம்போல வரலாம்.

அதற்குப் பிறகு எங்கள் ஊர் இந்தச் சங்கதியை ஜீரணிக்க ஒரு வருஷம் ஆயிற்று. பறந்ததைப் பற்றி யாருக்கும் பெரிய சிக்கல் இல்லை, இறங்கிய இடம்தான் சிக்கல். வெள்ளைக்கரடு அடுத்த தாலுகா. தாசில்தார் இரண்டு பேரும் வந்து ஆளுக்கொரு பக்கம் நின்று பார்த்தார்கள். சர்வேயர் சங்கிலி போட்டு அளந்து, பழைய சர்வே நம்பரில் மில் இல்லை என்றும் புது சர்வே நம்பரில் மில் இருக்கிறது என்றும் எழுதினார். காரணம் என்ற இடத்தில் என்ன போடுவது என்று மூன்று மாதம் கடிதப் போக்குவரத்து நடந்து, கடைசியில் வெள்ளம் என்று போட்டு எல்லோரும் கையெழுத்திட்டார்கள். தபால்காரர் பழைய இடத்தில் தனியாக நின்ற கேட்டுக்குள் நுழைந்து, கூர்க்காவிடம் சலாம் வாங்கி, மறுபக்கம் வெளியே வந்து, ஒரு மைல் நடந்து தபால் கொடுத்தார். கேட் வழியாக வராத தபால் செல்லாது என்பது அவருடைய கட்சி. மேய்ச்சல் நிலம் போன ஆட்டுக்காரர்களுக்கு மில்லின் பழைய இடத்தை விட்டுக்கொடுத்தார்கள், வண்டல் படிந்த அந்த இடத்தில் அடுத்த வருஷம் புல் இடுப்புயரம் வளர்ந்தது.

சாய்வும் பழகிப்போனது. கேன்டீனில் டம்ளர் மேற்கே நகரும், ஆகவே எல்லோரும் கிழக்கே உட்கார்ந்து மேற்கே கையை அணைத்துச் சாப்பிடக் கற்றுக்கொண்டார்கள். அன்றைக்கு ஆகாயத்தில் நூற்ற நூலை வாங்கிப்போன சென்னிமலை நெசவுக்காரர்கள், அந்தத் துணி கொடியில் இரண்டு கிளிப் போட்டாலும் நிற்கமாட்டேன் என்கிறது என்று எழுதினார்கள். குறை சொல்கிறார்களோ என்று பார்த்தால், தொட்டிலுக்குக் கட்ட இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்றுதான் கேட்டிருந்தார்கள். கோயமுத்தூரிலிருந்து ஒரு நிருபர் வந்து, கரட்டின்மேல் மில் நிற்பதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, மேட்டு நிலத்தில் ஆலை கட்டிய தொலைநோக்கைப் பாராட்டி எழுதினார். சாளைக்காரர்களில் முப்பத்தாறு பேர் அடுத்த தையிலிருந்து மில்லில் வேலைக்குச் சேர்ந்தார்கள். யாரும் அவர்களைப் போகச் சொல்லவில்லை, அவர்களும் போகவில்லை, அப்படியே சேர்ந்துவிட்டார்கள்.

பைலட்டய்யாவைத் தேடி ஆட்கள் வந்தார்கள். வாஸ்து சரியில்லாத வீட்டைக் கொஞ்சம் தெற்கே நகர்த்த வேண்டும் என்று ஒருவர் தாம்பூலத்தட்டோடு வந்து காத்திருந்தார். சேர்மனே ஒருமுறை ஜெர்மனியிலிருந்து நூல் வாங்க வருகிறவர்களுக்கு முன்னால் ஐந்து நிமிஷம் மில்லைத் தூக்கிக் காட்ட முடியுமா என்று கேட்டார். காரணம் இல்லாமல் எழும்பாது என்று பைலட்டய்யா சொல்லிவிட்டார். அது உண்மையா, அவருடைய பிடிவாதமா என்று எங்களுக்குள் விவாதம் உண்டு. எப்படிச் செய்தீர்கள் என்று நானே ஒருநாள் கேட்டேன். எல்லாக் கேள்விக்கும் எல்லோரும் உண்மையான பதில் சொன்னார்களே, அது போதும் என்றார்.

எட்டு வருஷம் போயிற்று. எண்பத்தாறில் வெளிநாட்டிலிருந்து புது மெஷின்கள் வந்தன, பத்துப் பேர் வேலையை மூன்று பேர் செய்யக்கூடிய மெஷின்கள். வெள்ளிக்கிழமைக்குள் தொண்ணூறு பெயர் கொண்ட பட்டியல் வேண்டும் என்று சேர்மன் போன் செய்தார். லைனை நான்தான் போட்டுக்கொடுத்தேன். பைலட்டய்யா மூன்றாவது ஷிஃப்ட் ஒன்றைத் தொடங்கி எல்லோரையும் வைத்துக்கொள்ள ஒரு திட்டம் எழுதி அனுப்பினார். திட்டம் பிறகு பார்க்கலாம், பட்டியல் வெள்ளிக்கிழமை என்று பதில் வந்தது. ஊரில் செய்தி பரவியது. சாளைக்காரர்கள்தான் கடைசியாகச் சேர்ந்தவர்கள், ஆகவே முதலில் போகிறவர்கள் அவர்கள்தான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை பகலில் என்னை டைப் அடிக்கக் கூப்பிட்டார். டைப்பிஸ்ட் லீவு. பேப்பரும் கார்பனும் வைத்தேன். தலைப்பைச் சொன்னார், அடித்தேன். ஒன்று என்று எண் போடச் சொன்னார், போட்டேன். தன் பெயரைச் சொன்னார். என் கை நின்றுவிட்டது. அடிம்மா என்றார். அடித்தேன். இரண்டு என்று எண் போட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

"அந்த ரெண்டை அழிச்சிடு," என்றார். "அவ்வளவுதான்."

பட்டியலில் கையெழுத்துப் போட்டு, மூன்றாவது ஷிஃப்ட் திட்டத்தை அதோடு சேர்த்துக் குத்தி, அன்றைக்கே அனுப்பினார். திங்கட்கிழமை சேர்மன் காரில் வந்தார். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் உள்ளே இருந்தார்கள். சத்தம் வரவில்லை. சேர்மனும் லேசுப்பட்டவர் கிடையாது, திட்டம் நல்ல திட்டம் என்று அவருக்குப் புரிந்திருந்தது. ஆனால் தன் பட்டியலைத் தனக்கே திருப்பி அனுப்புகிற மேனேஜரை வைத்துக்கொள்ளவும் அவருக்கு மனம் வரவில்லை. ஆகவே இரண்டையும் ஏற்றுக்கொண்டார். மூன்றாவது ஷிஃப்ட் வந்தது. தொண்ணூறு பேரும் தங்கினார்கள். பட்டியலில் இருந்த ஒரே பெயர் போனது.

சென்னியப்பன் அவரிடம் போய், நாளைக் காலையில் மெஷின் ஒன்றுகூட ஓடாது, நீங்கள் தலையசைத்தால் போதும் என்றார். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் கண் கலங்கியதைப் பார்த்ததாகச் சென்னியப்பன் பிறகு சொன்னார். ஓடற மெஷினை எனக்காக நிறுத்தாதீங்க என்பதுதான் பைலட்டய்யாவின் பதில்.

புதன்கிழமை பகல் பன்னிரண்டரை பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். கார் அனுப்புகிறோம் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். இரண்டு ட்ரங்குப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருட்டு. மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்ததால் ஷிஃப்டில் இல்லாதவர்கள் மட்டும்தான் பஸ் ஸ்டாப்புக்கு வந்தோம், அதுவே முந்நூறு பேர். கமலவேணியம்மா எங்கள் ஒவ்வொருவர் கையையும் பிடித்துவிட்டு ஏறினார். பஸ்ஸில் கூட்டம். ஒரே ஒரு இடம் கிடைத்தது, அதில் அம்மாவை உட்கார வைத்துவிட்டு அவர் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பஸ் நகர்ந்தது. யாரும் கை ஆட்டவில்லை, யாரும் அழவில்லை. முந்நூறு பேரும் பஸ்ஸின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். சென்னியப்பன் குனிந்தே பார்த்தார். புழுதி கிளப்பிக்கொண்டு, பள்ளத்தில் இறங்கி ஏறி, எல்லா நாளும் போகிற மாதிரி பஸ் தரையிலேயே போனது. பாலத்துக்குப் பக்கத்தில், ஸ்டாப்பே இல்லாத இடத்தில், கொஞ்ச நேரம் நின்றது. ஏன் நின்றது என்று எங்களுக்குத் தெரியவில்லை. பிறகு கிளம்பி, திரும்பி, மறைந்தது.

மறுநாள் கண்டக்டர் வந்து சொன்னார். பாலத்துக்கிட்ட ஒரு கல்யாணக் கூட்டம் கை காட்டியிருக்கிறது. உள்ளே மூச்சுவிட இடமில்லை, நிறுத்தாமல் போக இவர் இரட்டை விசில் கொடுக்கப் போயிருக்கிறார். பக்கத்தில் நின்றிருந்த அந்தப் பெரியவர் இவர் தோளைத் தொட்டு, "ஏத்திக்கங்க," என்றாராம். "நான் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கறேன்."